உங்கள் கணக்கின் சாவி யாருடைய கையில்?

கடையை விரிவுபடுத்த வேண்டும், பெருநாளுக்கு முன் கூடுதலாகச் சரக்கு இறக்க வேண்டும், விநியோகத்துக்கு வாகனமொன்று எடுக்க வேண்டும். எதற்காக நிதி வசதி கேட்டுப் போனாலும் முதலில் கேட்கப்படுவது வங்கிக் கூற்றுத்தான். ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ கேட்பார்கள். நாமும் வங்கிக்குப் போய், கட்டணம் செலுத்தி, முத்திரை குத்திய ஸ்டேட்மென்டை வாங்கி, நான்கு பிரதி எடுத்து, நான்கு இடங்களில் கொடுத்துவிட்டு வருகிறோம்.

அந்தத் தாள்களில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்ததுண்டா? எந்த மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கிறீர்கள், அவருக்கு எத்தனை நாள் தவணையில் காசோலை கொடுக்கிறீர்கள், எந்த மாதத்தில் கை இறுகுகிறது, எத்தனை செக் திரும்பியிருக்கிறது, கடை வாடகை எவ்வளவு, மகளின் படிப்புக்கு எவ்வளவு போகிறது, எந்த ஆஸ்பத்திரியில் பணம் கட்டினீர்கள், ஸகாத் யாருக்குப் போனது - எல்லாம் வரிசையாக, திகதியோடு இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரருக்கு வாய் திறந்து சொல்லாத விடயங்களைப் பெயர் தெரியாத ஓர் உத்தியோகத்தரின் மேசையில் வைத்துவிட்டு எழுந்து வருகிறோம். கடன் கிடைக்காவிட்டாலும் அந்தப் பிரதி திரும்பி வருவதில்லை.

பல வருடங்களாகச் சிறு வியாபாரிகளின் கணக்குப் புத்தகங்களோடு புழங்கி வருபவன் நான். விலை பேசும்போது ஒரு ரூபாவைக்கூட விட்டுக்கொடுக்காத முதலாளிமார், இந்தத் தாள்களைக் கொடுக்கும்போது மட்டும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "கேட்டார்கள், கொடுத்தேன்" என்பதோடு விடயம் முடிந்துவிடுகிறது. எனவேதான் இந்த வாரம் உலகின் பல நாடுகளில் நடைமுறைக்கு வந்துவிட்ட "ஓபன் பேங்கிங்", அதாவது திறந்த வங்கி முறை பற்றி எழுத நினைத்தேன். பெயரைக் கேட்டவுடன் நமது கணக்கு ஊருக்கெல்லாம் திறந்துவிடப்படும் என்று சிலர் பயப்படுகிறார்கள். விடயம் அப்படியல்ல. கணக்கு விபரங்களை யாருக்குக் காட்டுவது, எவ்வளவு காட்டுவது, எத்தனை நாளைக்குக் காட்டுவது என்பதைக் கணக்குக்காரரே தீர்மானிப்பதற்கான ஓர் ஏற்பாடு இது. அது எந்தளவுக்கு உண்மையில் நடக்கிறது என்பது வேறு விடயம். அதற்கும் வருவோம்.

ஒரே வங்கியில் கட்டுண்டவர்கள்

இந்தக் கதை பிரித்தானியாவில் ஆரம்பிப்பது நல்லது. அங்குள்ள போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபை, சாதாரண மக்களுக்கும் சிறு வியாபாரங்களுக்கும் வங்கிகள் எப்படிச் சேவை செய்கின்றன என்று நீண்டதொரு விசாரணையை நடத்தி, 2016 ஆகஸ்டில் இறுதி அறிக்கையை வெளியிட்டது. பெரிய, பழைய வங்கிகள் வாடிக்கையாளரைப் பிடித்து வைத்துக்கொள்வதற்குப் போதிய அளவு போட்டியிடத் தேவையில்லாமல் சுகமாக இருக்கின்றன என்பது அதன் சாரம். சிறு, நடுத்தர வியாபாரங்களில் சுமார் 90 சதவீதமானவை நடைமுறைக் கணக்கு வைத்திருக்கும் அதே வங்கியிலேயே தொழில் கடனையும் பெறுகின்றன என்பதையும் அந்த விசாரணை கண்டது.

ஏன் அப்படி? வேறு வங்கி மலிவாகத் தரக்கூடும் என்று வியாபாரிகளுக்குத் தெரியாமலா? தெரியும். ஆனால் உங்கள் கொடுக்கல் வாங்கலின் வரலாறு முழுவதும் ஒரு வங்கியின் கணனியில் இருக்கிறது. உங்களது நாணயம் அந்த வங்கிக்கு மட்டுமே தெரியும். வீதியைக் கடந்து எதிரே உள்ள வங்கிக்குப் போனால் நீங்கள் அங்கே புது ஆள். பத்து வருடம் ஒரு செக்கும் திரும்பாமல் வியாபாரம் செய்தவரும், போன மாதம் கடை திறந்தவரும் அந்த மேசையின் முன் கிட்டத்தட்ட ஒன்றுதான். நீங்கள் உழைத்துச் சேர்த்த பெயர் உங்களோடு நடந்து வருவதில்லை. பழைய வங்கியும் இதை நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. அதனால்தான் அது தனது நிபந்தனைகளைத் தளர்த்துவதற்கு அவசரப்படுவதில்லை.

ஆகவே அந்த அதிகாரசபை, நாட்டின் மிகப்பெரிய ஒன்பது வங்கிகளுக்கு ஒரு கட்டளை பிறப்பித்தது. வாடிக்கையாளர் சம்மதித்தால், அவருடைய கணக்கு விபரங்களை அவர் சொல்லும் அனுமதி பெற்ற நிறுவனத்துக்குப் பாதுகாப்பான முறையில், ஒரே தொழில்நுட்பத் தரத்தில், கட்டணமின்றி வழங்க வேண்டும் என்பதே அது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் நிறைவேற்றிய இரண்டாவது கொடுப்பனவுச் சேவைகள் பணிப்புரையும் இதே திசையில்தான் இருந்தது. 2018 ஜனவரி 13 இல் இரண்டும் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. ஒன்பது வங்கிகளில் சில அந்தத் திகதிக்குள் ஆயத்தமாகாமல் மேலதிக அவகாசம் கேட்டுப் பெற்றன. வங்கிகள் இதை விரும்பி வரவேற்றன என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சாவியைக் கொடுக்காமல் பெட்டியைக் காட்டுவது

இது எப்படி நடக்கிறது? பேர்மிங்காமில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தனது வங்கியல்லாத வேறொரு நிதி நிறுவனத்திடம் பத்தாயிரம் பவுண் கேட்டு இணையத்தில் விண்ணப்பிக்கிறார். அந்த நிறுவனம் "உங்கள் வங்கிக் கணக்கின் கடந்த பன்னிரண்டு மாத விபரங்கள் எமக்கு வேண்டும், இன்ன காரணத்துக்காக" என்று திரையில் காட்டுகிறது. அவர் சம்மதித்து, தனது வங்கியின் பெயரைத் தெரிவு செய்கிறார். உடனே அவருடைய கையடக்கத் தொலைபேசி அவரை அவரது சொந்த வங்கியின் செயலிக்குக் கொண்டு போகிறது. இந்த இடத்தைக் கவனியுங்கள். இரகசியச் சொல்லை அவர் கொடுப்பது வங்கிக்கு மட்டும்தான். கடன் கேட்ட நிறுவனத்தின் பக்கத்தில் அதைத் தட்டெழுத்திட வேண்டிய தேவையே இல்லை. வங்கி அவரை அடையாளம் கண்ட பின், அவருக்குள்ள கணக்குகளைக் காட்டி, எதைக் காட்டச் சம்மதம் என்று கேட்கிறது. வியாபாரக் கணக்கை மட்டும் தெரிவு செய்து, மனைவியோடு சேர்த்து வைத்திருக்கும் சேமிப்புக் கணக்கை அவர் விட்டுவிடலாம். பிறகு வங்கி அந்த நிறுவனத்துக்கு ஓர் அனுமதிச் சீட்டை வழங்குகிறது. அது கடதாசிச் சீட்டல்ல, கணனிகளுக்கு மட்டும் விளங்கும் ஓர் இலக்கக் கோவை. அந்தச் சீட்டைக் காட்டி, அதில் குறித்துள்ள விபரங்களை மட்டும் அந்த நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம்.

நமது பாஷையில் சொன்னால், கடைப் பையனிடம் அலுமாரிச் சாவியைக் கொடுத்து அனுப்புவது ஒன்று. "இவருக்கு மூன்று மாதத்துக் கொள்வனவுப் பட்டியலை மட்டும் காட்டவும்" என்று கையொப்பமிட்ட துண்டொன்றைக் கொடுத்து அனுப்புவது இன்னொன்று. திறந்த வங்கி முறை இரண்டாவது வகை.

இதில் இரண்டு விதமான அனுமதிகள் இருக்கின்றன என்பதை வியாபாரிகள் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று, விபரத்தைப் பார்ப்பதற்கான அனுமதி. மற்றது, உங்கள் கணக்கிலிருந்து பணத்தைச் செலுத்துவதற்கான அனுமதி. பிரித்தானியாவில் இந்த இரண்டு சேவைகளுக்கும் நிதி ஒழுங்குமுறை அதிகாரசபையிடம் தனித்தனியே அனுமதி பெற வேண்டும். பார்க்க மட்டும் அனுமதி பெற்ற நிறுவனத்தால் ஒரு சதத்தையும் நகர்த்த முடியாது. பணம் செலுத்தும் வகைக்கு நல்லதோர் உதாரணம் பிரித்தானிய வருமான வரித் திணைக்களம். 2021 முதல் அங்கே வரியை இந்த வழியில் கட்டலாம். அட்டை இலக்கம் கொடுக்கத் தேவையில்லை. திணைக்களத்தின் பக்கத்திலிருந்து நேரே உங்கள் வங்கிக்குப் போய், தொகையைப் பார்த்து, சரி என்று அழுத்தினால் போதும். 2024 ஜூலையில் இந்த முறையைப் பாவிப்போர் தொகை ஒரு கோடியைத் தொட்டதாக அறிவிக்கப்பட்டது.

இதற்கு முன்னர் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல சேவைகள் வாடிக்கையாளரின் இணைய வங்கிப் பெயரையும் இரகசியச் சொல்லையும் வாங்கி, அவரைப் போலவே உள்ளே நுழைந்து, திரையில் தெரிவதையெல்லாம் வழித்து எடுத்துக்கொண்டன. எவ்வளவு எடுக்கிறார்கள், எத்தனை தடவை நுழைகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. வங்கிக்கோ உள்ளே வந்தது வாடிக்கையாளரா, கொம்பனியின் கணனியா என்று பிரித்தறிய வழியில்லை. பிளெய்ட் என்ற அமெரிக்க நிறுவனம், தேவைக்கு மேலதிகமாக விபரம் எடுத்ததாகவும், வங்கியின் பக்கம் போலத் தோற்றமளிக்கும் திரையில் இரகசியச் சொற்களைப் பெற்றதாகவும் வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கை 58 மில்லியன் டொலர் செலுத்தி முடித்துக்கொண்டது. தவறு செய்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை. இணக்கப்பாட்டுக்கு நீதிமன்றத்தின் இறுதி அனுமதி 2022 இல் கிடைத்தது.

இது தூரத்து நாட்டுக் கதையல்லவா என்று நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த இரும்புச் சாமான் வியாபாரி ஒருவரிடம், உடனடிக் கடன் தருவதாகச் சொன்ன ஒருவர், "ஸ்டேட்மென்ட் எடுத்துத் திரிய வேண்டாம் நானா, ஒன்லைன் பாஸ்வேர்டைத் தாருங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று கேட்டிருக்கிறார். நல்லவேளை, அவருடைய மகன் பக்கத்தில் இருந்தான். இரகசியச் சொல்லைக் கொடுத்தால் பார்க்கும் அனுமதியும் செலுத்தும் அனுமதியும் ஒன்றாகப் போய்விடும். அதன் பின் பணம் காணாமற்போனால், "இரகசியச் சொல்லை நீங்களே கொடுத்தீர்கள்" என்று வங்கி ஒரு வரியில் கையைக் கழுவிவிடும். ஒழுங்கான முறை நடைமுறையிலுள்ள பிரித்தானியாவில், வாடிக்கையாளர் சம்மதிக்காத பணம் கணக்கிலிருந்து போயிருந்தால், இடையில் வேறு நிறுவனம் சம்பந்தப்பட்டிருந்தாலும் முதலில் வங்கியே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு வங்கியும் அந்த நிறுவனமும் தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும்.

கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது

கட்டுப்பாடு என்பது கொடுக்கும் நேரத்தோடு முடிந்துவிடுவதில்லை. பிரித்தானிய வங்கிச் செயலிகளில், எந்தெந்த நிறுவனங்களுக்கு நாம் அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியலைப் பார்க்கும் இடமொன்று இருக்கிறது. வேண்டாம் என்றால் அங்கேயே அழுத்தி நிறுத்திவிடலாம். அந்த நிறுவனத்திடம் போய்க் கெஞ்சத் தேவையில்லை. அதோடு, கணக்கைத் தொடர்ந்து பார்த்துவரும் நிறுவனம் 90 நாளுக்கு ஒரு முறை "இன்னும் சம்மதமா?" என்று வாடிக்கையாளரிடம் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். முதலில் இந்த 90 நாள் விதி இன்னும் கடுமையாக இருந்தது. ஒவ்வொரு முறையும் வங்கிக்கே போய் அடையாளத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. கணக்கு மென்பொருள் பாவிக்கும் வியாபாரிகளுக்கு அது பெரும் தலையிடியாக இருந்ததால் 2022 இல் இலகுவாக்கினார்கள்.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. விளம்பரங்களில் இதைச் சொல்லமாட்டார்கள். அனுமதியை நிறுத்தினால் நாளையிலிருந்து புதிய விபரம் போகாது. நேற்று வரை போனது? அது அந்த நிறுவனத்தின் கணனியில்தான் இருக்கும். அதை அழிக்கச் சொல்வது வேறொரு கோரிக்கை. வங்கிச் செயலியில் அழுத்தும் பொத்தானால் அது நடக்காது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். கடன் கொடுத்த நிறுவனமாக இருந்தால், சட்டப்படி சில பதிவுகளைக் குறிப்பிட்ட காலம் வைத்திருக்க வேண்டும் என்று அது பதில் சொல்லலாம். அதில் நியாயமும் இருக்கலாம். குழாயைப் பூட்டினால் வாளிக்குள் விழுந்த தண்ணீர் திரும்பாது என்பதை அறிந்துகொண்டு சம்மதம் கொடுப்பவர், முதலிலேயே குறைவாகக் கொடுப்பார்.

இந்த இடத்தில்தான் இந்தியா செய்திருக்கும் ஏற்பாடு என் கவனத்தை ஈர்த்தது. இந்திய ரிசர்வ் வங்கி 2016 செப்டம்பரில் "அக்கவுன்ட் அக்ரிகேட்டர்" என்ற புதியதொரு வகை நிறுவனத்துக்கான விதிகளை வெளியிட்டது. கணக்கு விபரங்களைத் திரட்டி எடுத்துச் செல்லும் இடையாள் என்று சொல்லலாம். 2021 செப்டம்பரில் எட்டு வங்கிகளோடு அது நடைமுறைக்கு வந்தது. விபரம் வைத்திருக்கும் வங்கி ஒரு பக்கம், விபரம் கேட்கும் நிறுவனம் மறுபக்கம், நடுவே இந்த இடையாள். ஆனால் அவருக்கு விபரத்தைப் பார்க்கவோ சேமிக்கவோ விற்கவோ அனுமதியில்லை. முத்திரையிட்ட கடிதத்தைத் தபால்காரர் கொண்டுபோவது போல, பூட்டிய நிலையில் வரும் தரவைப் பூட்டிய நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும். திறக்கும் சாவி பெறுநரிடம் மட்டும்.

அந்த முறையில் சம்மதம் என்பது "ஆம்" என்ற ஒற்றைச் சொல்லல்ல. அது ஓர் ஆவணம். எந்தக் கணக்கு, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, என்ன நோக்கம், ஒரு தடவையா மாதாமாதமா, சம்மதம் எப்போது காலாவதியாகும், எடுத்த தரவை எத்தனை நாளைக்கு வைத்திருக்கலாம் என்பதெல்லாம் அதில் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். வாளிக்குள் விழுந்த தண்ணீருக்கும் ஒரு கணக்கு வைத்தாயிற்று என்பதுதான் இதன் சிறப்பு. தரவைப் பெறக்கூடியவர்களும் ரிசர்வ் வங்கி போன்ற நிதித்துறை ஒழுங்குமுறை அமைப்புகளின் கீழ் பதிவுபெற்றவர்களாக இருக்க வேண்டும். தெருவில் போகிற கொம்பனியெல்லாம் கேட்க முடியாது. 2022 நவம்பரில் பொருட்கள் சேவைகள் வரி வலையமைப்பையும் இதனுள் சேர்த்தார்கள். அதாவது சிறு வியாபாரி தான் சமர்ப்பித்த வரி விபரங்களையும் தனது சம்மதத்தோடு கடன் கொடுப்பவருக்குக் காட்டலாம். காணி உறுதி இல்லாதவனுக்கு விற்பனைப் பதிவே ஓரளவுக்குப் பிணையாகிறது.

யாருக்கு இலாபம், எங்கே ஆபத்து

நம்மவர்களுக்கு இதில் தனிப்பட்ட ஒரு சம்பந்தம் உண்டு. வட்டிக்குக் கடன் எடுக்காமல் சொந்த முதலிலும் பங்காளிகளின் முதலிலும் வியாபாரம் செய்து பழகியவர்கள் நம்மில் பலர். அப்படிப்பட்டவருக்குக் கடன் வரலாறு என்று ஒன்று இருக்காது. இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. "கிரிப்" என்று எல்லோரும் பயத்தோடு சொல்வது அதைத்தான். வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா, செக் திரும்பியதா என்பதை அது சொல்லும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சரக்குக்காரருக்கு ஒழுங்காகப் பணம் போகிறது, பதினைந்து வருடமாக வாடகை தவறவில்லை, விற்பனை வருடாவருடம் கூடுகிறது என்பதெல்லாம் அங்கே தெரியாது. அவை வங்கிக் கணக்கில்தான் இருக்கின்றன. கடனே வாங்காத கண்ணியமான வியாபாரி, கடன் கேட்கும் நாளில் "பதிவு எதுவும் இல்லாதவர்" ஆகிவிடுகிறார். இஸ்லாமிய முறையில் முராபஹா வசதியோ பங்கு முதலீடோ கேட்பவருக்கும் இதே பிரச்சினைதான், ஏனென்றால் அந்த நிறுவனமும் ஆளின் நாணயத்தை ஏதோவொரு வழியில் பார்த்துத்தான் ஆக வேண்டும். கணக்கின் வரலாற்றை ஒழுங்கான முறையில் காட்ட முடிந்தால் இவர்களுக்கே நன்மை அதிகம் என்பது எனது அபிப்பிராயம்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. முதலாவது, கணக்கில் விழாத வியாபாரம் எவருக்கும் தெரியாது. புறக்கோட்டையிலோ காத்தான்குடியிலோ கைக்காசாக வந்து கைக்காசாகவே போகும் வியாபாரத்தை எந்த அனுமதிச் சீட்டும் காட்டாது. கணக்கில் பாதி மட்டும் தெரியும்போது, பார்ப்பவர் அந்தப் பாதியையே முழு வியாபாரமாக எடுத்துக்கொள்வார். வீட்டுச் செலவையும் கடைப் பணத்தையும் ஒரே கணக்கில் ஓட்டுபவர் இன்னும் மோசமான நிலையில் இருக்கிறார். வியாபாரத்தைக் காட்ட நினைத்து வீட்டையும் சேர்த்துக் காட்ட வேண்டிவரும்.

இரண்டாவது, உங்கள் கூற்றில் இருப்பது உங்களுடைய விபரம் மட்டுமல்ல. உங்களுக்குப் பணம் அனுப்பியவர், உங்களிடம் சம்பளம் வாங்குபவர், கைமாற்று வாங்கிய மச்சான், எல்லோருடைய பெயரும் அதில் உண்டு. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இந்தக் கேள்விக்கு எந்த நாட்டிலும் முழுமையான விடை கிடைத்ததாக நான் நினைக்கவில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நாளை வாடகை கட்ட வேண்டும், கையில் காசில்லை, கடன் கொடுப்பவர் "சம்மதம்" என்ற பொத்தானைக் காட்டுகிறார். அந்த நேரத்தில் எவன் நிபந்தனைகளை வாசிப்பான்? தேவையில் இருப்பவனின் சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதம்? சட்டம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், "பன்னிரண்டு மாதம் வேண்டும், இல்லாவிட்டால் கடன் இல்லை" என்று சொல்லும் உரிமை கொடுப்பவரிடம்தான் இருக்கிறது. இந்தியாவில் கையடக்கத் தொலைபேசிச் செயலிகள் மூலம் கடன் கொடுத்த சிலர், கடன்காரரின் தொலைபேசியிலுள்ள பெயர்ப் பட்டியலை எடுத்து, தவணை பிந்தியதும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அழைத்து அவமானப்படுத்தினார்கள். அதற்கும் கடன்காரர்கள் "சம்மதம்" கொடுத்துத்தான் இருந்தார்கள். ஆகவே 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொலைபேசியின் பெயர்ப் பட்டியல், அழைப்பு விபரம், படங்கள், கோப்புகள் எதையும் தொடக்கூடாது என்று தடை விதித்தது. வாடிக்கையாளரே சம்மதித்தாலும் கேட்கக்கூடாத சில விடயங்கள் உண்டு என்று ஒழுங்குமுறை அதிகாரிகள் சொல்ல வேண்டியிருக்கிறது. இது வெறும் தொழில்நுட்பத்தால் தீரும் விடயமல்ல.

இங்கே, இப்போது

இலங்கையில் பிரித்தானியக் கட்டளையைப் போன்றதொன்று இன்னும் பிறப்பிக்கப்படவில்லை. ஆனால் இதற்கு நெருங்கிய சில விடயங்கள் ஏற்கனவே நம் கையில் இருக்கின்றன. லங்காபே நிறுவனத்தின் ஜஸ்ட்பே முறையில், வேறொரு நிறுவனத்தின் செயலியோடு நமது வங்கிக் கணக்கை இணைத்துச் சிறு தொகைகளைச் செலுத்தலாம். அது செலுத்தும் வகை அனுமதி. அதைப் பாவிப்பவர்கள் எத்தனை செயலிகளில் எந்தெந்தக் கணக்கை இணைத்திருக்கிறோம் என்று ஒரு தடவை திறந்து பார்ப்பது நல்லது. பாவிக்காததை நீக்கிவிடுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கு இருக்கிறது. தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கும் உரிமை, சம்மதத்தை மீளப்பெறும் உரிமை, பிழையைத் திருத்தும் உரிமை, அழிக்கக் கோரும் உரிமை ஆகியவற்றை அது எழுதி வைத்திருக்கிறது. கணனி தானாகவே எடுத்த தீர்மானத்தை மீளாய்வு செய்யும்படி கேட்கும் உரிமையும் அதில் உண்டு. "கம்பியூட்டர் ரிஜெக்ட் பண்ணிவிட்டது" என்று சொல்லி அனுப்பப்படும் வியாபாரிக்கு இது முக்கியமானது. சட்டம் கட்டங்கட்டமாக நடைமுறைப்படுத்தும் ஏற்பாட்டோடு வந்தது. முதலில் குறித்த திகதி பிற்போடப்பட்டு, 2025 இல் சட்டமும் திருத்தப்பட்டது. ஆகவே இந்த உரிமைகளை வைத்து வழக்காட நினைப்பவர் முதலில் சட்டத்தரணியிடம் நிலைமையைக் கேட்டறிய வேண்டும். இன்னொன்று, இது ஆட்களின் தரவைப் பாதுகாக்கும் சட்டம். தனி உரிமையாளராகக் கடை நடத்துபவரின் கணக்கு அவருடைய சொந்த விபரமாகலாம். பிரைவேட் லிமிட்டெட் கொம்பனியின் கணக்குக்கு இந்தப் பாதுகாப்பு அப்படியே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

சட்டம் வரும் வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவை சில உண்டு. வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு என்பது எல்லாவற்றுக்கும் முதலாவது. விற்பனையில் இயன்றளவு அதில் விழச் செய்யுங்கள். காலையில் வந்த காசை மாலையில் அப்படியே சரக்குக்காரருக்குக் கொடுக்காமல், கணக்கில் வைப்புச் செய்து அங்கிருந்து அனுப்பினால் ஒரு வருடத்தில் உங்களுக்கென்று ஒரு வரலாறு உருவாகிவிடும். வங்கிக் கூற்றுப் பிரதி கொடுக்கும்போது, அடையாள அட்டைப் பிரதியில் சிலர் செய்வதைப் போல, ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் யாருக்கு, எந்தத் தேவைக்கு, என்ன திகதியில் கொடுக்கிறீர்கள் என்று பேனாவால் எழுதிக் கையொப்பமிடுங்கள். எழுத்துகளோ இலக்கங்களோ மறையாமல் எழுதினால் போதும், யாரும் மறுக்கமாட்டார்கள். ஆறு மாதம் கேட்டால் ஆறு மாதம் மட்டும். கடன் மறுக்கப்பட்டால் பிரதியைத் திரும்பக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

இணைய வங்கி இரகசியச் சொல்லையும், தொலைபேசிக்கு வரும் ஒரு தடவை இலக்கத்தையும் எந்த உத்தியோகத்தருக்கும், எந்தக் கணக்காளருக்கும் கொடுக்க வேண்டாம். என்னைப் போன்றவர்களுக்கும்தான். கணக்காளருக்குக் கணக்கைப் பார்க்க வேண்டுமானால், பார்ப்பதற்கு மட்டுமான தனிப் பாவனையாளர் வசதியை உங்கள் வங்கி வியாபாரக் கணக்குகளுக்கு வழங்குகிறதா என்று கிளையில் கேளுங்கள். இல்லையென்றால் கூற்றை மாதாமாதம் மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம்.

நிதி வசதிக்கு விண்ணப்பிக்க முன்னர், கொடுகடன் தகவல் பணியகத்திலிருந்து உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே பெற்றுப் பார்ப்பதும் நல்லது. தன்னுடைய அறிக்கையைப் பெற எவருக்கும் வழியுண்டு. கட்டி முடித்த லீசிங் இன்னும் நிலுவையாகக் காட்டப்படுகிறதா, வேறொருவருக்குப் பிணை நின்றது எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதை வங்கி பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்த்துவிடலாம். பிழை இருந்தால் அதைப் பதிந்த நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, கடிதத்தின் பிரதியை விண்ணப்பத்தோடு இணைத்து வையுங்கள்.